…மற்றும் குழுவினர்

பழைய சினிமாப் பாட்டு கேட்டு வளர்ந்த எவருக்கும் பழகிய ஒரு சொல் உண்டு. வானொலி அறிவிப்பாளர் படத்தின் பெயரைச் சொல்வார், கவிஞரைச் சொல்வார், இசையமைப்பாளரைச் சொல்வார். கடைசியில், பாடியவர்கள் பி. சுசீலா மற்றும் குழுவினர் என்று முடித்துக்கொள்வார். தியேட்டரில் விற்ற பாட்டுப் புத்தகங்களிலும் அப்படித்தான் அச்சாகியிருக்கும். குழுவினர் என்றால் எத்தனை பேர்? ஆறா, பத்தா? எந்த ஊர்ப் பெண்கள், பாடி முடித்து எதில் ஏறி வீட்டுக்குப் போனார்கள்? அந்தச் சொல் எதையும் சொல்லாது. ஓர் அறை நிறையப் பெண்களை ஒரே சொல்லுக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள்.

அறுபதுகளின் தமிழ்க் காதல் பாட்டுகள் ஏன் இன்னும் சாகவில்லை என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் இந்தச் சொல்லுக்குள்தான் இருக்கிறது.

சாகவில்லை என்பதற்குப் புதுச்சேரியில் சாட்சி தேடி அலைய வேண்டாம். முத்தியால்பேட்டையில் தையல் மிஷின் ஓடும் வீடுகளில் பகல் முழுக்க அந்தப் பாட்டுகள்தான். பெரிய மார்க்கெட்டில் பூக்கட்டும் அம்மாவின் செல்போனிலும் அதுதான். நான் பாடம் எடுக்கும் வகுப்பில் இருப்பவர்கள் 2000-த்துக்குப் பிறகு பிறந்த பெண்கள். அவர்களில் பாதிப் பேருக்காவது 1964-ஆம் வருடத்துப் பாட்டு ஒன்று முழுதாகத் தெரிந்திருக்கிறது. யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டால், "ஆயா பாடும்", "அம்மா பாத்திரம் விளக்கும்போது பாடும்" என்கிறார்கள். "அப்பா பாடுவார்" என்று இதுவரை ஒருத்தியும் சொல்லவில்லை.

ஆனால் இந்தப் பாட்டுகளைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அவர்களிடம் ஒரு பதில் தயாராக இருக்கிறது: அந்தக் காலப் பாட்டில் கருத்து இருந்தது. கண்ணதாசன் எழுதினார், வாலி எழுதினார், இப்போது யார் எழுதுகிறார்கள்? பட்டிமன்றத்தில் கைத்தட்டல் வாங்கித்தரும் பதில். எனக்கு இதில் நம்பிக்கையில்லை. அந்தக் கருத்து என்ன என்பதைக் கொஞ்சம் நின்று கேட்டுப் பார்த்தால் தெரியும். பெண் காத்திருப்பாள், நாணுவாள், கண்ணனிடம் தன்னை ஒப்படைப்பாள், அவன் வராவிட்டால் நிலவிடம் முறையிடுவாள். வகுப்பில் வரிவரியாக எடுத்து வைத்தால் என் மாணவிகள் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டு, மணியடித்ததும் அதே பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வெளியே போகிறார்கள். அப்படியானால் அவர்களைப் பிடித்து வைத்திருப்பது வரியல்ல.

அவர்கள் முணுமுணுப்பதைக் கூர்ந்து கேட்டால் இன்னொன்று தெரியும். பல்லவிக்கு முன்னால் வரும் ஹம்மிங்கிலிருந்துதான் தொடங்குகிறார்கள். இடையிசையில் பெண்குரல்கள் சேர்ந்து வரும் இடத்தை விடுவதேயில்லை. சரணத்தில் சொல் மறந்துபோனால் கவலைப்படுவதில்லை, 'லலலா' போட்டுத் தாண்டிவிடுகிறார்கள். சொல் இல்லாத இடங்களைத்தான் சரியாக நினைவில் வைத்திருக்கிறார்கள். கவிஞரின் பேனா தொடாத இடம் அது.

'ஆலயமணி' (1962) படத்தில் டி.எம். சௌந்தரராஜனும் எல்.ஆர். ஈஸ்வரியும் சேர்ந்து பாடிய ஒரு காதல் பாட்டு இருக்கிறது. இரண்டு பேரின் பெயரும் உண்டு, ஆனால் சொற்கள் எல்லாம் ஆணுக்கு. ஈஸ்வரிக்கு ஹம்மிங் மட்டும். ஒரு காதல் பாட்டில் பெண்ணுக்கு ஒரு சொல்கூடக் கிடையாது என்று கோபப்படலாம், கோபம் நியாயமும்கூட. அந்தக் கோபத்தோடு மறுபடி ஒருமுறை கேளுங்கள். அவர் அவளைக் கல்லோடு ஒப்பிட்டு அளந்துகொண்டிருக்கிறார். அவள் குரல் அந்த அளவுகளுக்கு மேலே, பிடி கொடுக்காமல் போய்க்கொண்டிருக்கிறது. அந்தப் பாட்டில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டால், அவர் வர்ணனைக்குள் இருக்கிறார், அவள் வெளியே இருக்கிறாள் என்றுதான் சொல்வேன். இதை விடுதலை என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. பேச விடாத இடத்தில் பெண் கண்டுபிடித்த வழி என்று மட்டும் சொல்லலாம்.

குழுப்பாட்டுக்கு வருகிறேன். பெண்கள் சேர்ந்து பாடுவதைச் சினிமா கண்டுபிடிக்கவில்லை. கும்மி, குலவை, நலங்கு, நடவுப்பாட்டு, ஒப்பாரி எல்லாவற்றிலும் ஒருத்தி எடுத்துக்கொடுப்பாள், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். வில்லியனூர்ப் பக்கம் நடவு பார்த்தவர்களுக்குத் தெரியும், முன்பாட்டுக்காரிக்கு மூச்சு வாங்கினால் பக்கத்தில் இருப்பவள் எடுத்துக்கொள்வாள். முன்னால் பாடுவது ஒரு முறை, ஒரு இடம். அது யாருக்கும் சொந்தமில்லை. சினிமா இந்த அமைப்பை அப்படியே ஸ்டூடியோவுக்குள் கொண்டுபோனது, ஒரே ஒரு மாற்றத்தோடு. அங்கே இடம் மாறக்கூடாது. ஒருத்தி மைக்கின் முன்னால், பெயரோடு. மற்றவர்கள் இன்னொரு மைக்கைச் சுற்றி, கால்ஷீட் கணக்கில். அன்றைக்குப் பாடகர், வாத்தியம், கோரஸ் எல்லாம் ஒரே நேரத்தில் பதிவாகும். கோரஸில் ஒருத்தி இருமினால் எல்லாரும் முதலிலிருந்து பாட வேண்டும். அவ்வளவு பொறுப்பு, ஆனால் பெயர் கிடையாது.

அந்தக் கோரஸ் வரிசையிலிருந்து முன்னால் வந்தவர்தான் எல்.ஆர். ஈஸ்வரி. அவருடைய அம்மா ஜெமினி ஸ்டூடியோவில் கோரஸ் பாடியவர். அம்மாவோடு போய் நின்று கோரஸ் பாடித்தான் மகளும் தொழிலுக்கு வந்தார். அவரை ஊரறியச் செய்த பாட்டு 'பாசமலர்' (1961) படத்தில் வரும் கல்யாணப் பாட்டு. விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசை, கண்ணதாசன் வரிகள். மணப்பெண்ணைத் தோழிகள் சூழ்ந்து நின்று கேலி செய்து அழைத்துப்போகும் பாட்டு. பாடியவர்கள்: எல்.ஆர். ஈஸ்வரி மற்றும் குழுவினர். அறுபது வருடங்களுக்கு மேலாகிவிட்டது. புதுச்சேரியில் இன்றும் அதைப் போடாத கல்யாண மண்டபம் இல்லை. படத்தில் அந்தக் கல்யாணம் எங்கே போய் முடிகிறது என்பதை எந்த மண்டபத்திலும் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை, நல்லதுதான்.

அந்தப் பாட்டைப் பாடுவது காதலியல்ல, தோழி. தமிழில் காதலைப் பாடும் வேலை எப்போதும் பாதிக்கு மேல் தோழியுடையதாகத்தான் இருந்திருக்கிறது. குறுந்தொகையைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் 'தோழி கூற்று'. மகள் மெலிகிறாள் என்று தாய் வேலனைக் கூப்பிட்டு வெறியாட்டு நடத்தும்போது, இது தெய்வக்குற்றமில்லை, அவளுக்கு ஒருவன் மேல் விருப்பம் என்று வீட்டாருக்கு உடைத்துச் சொல்கிறவள் அவள்தான். இதற்கு இலக்கணம் வைத்த பெயர் அறத்தொடு நிற்றல். காதலித்தவளை விட்டுவிட்டு, காதலுக்காக வாய்திறந்த தோழியின் பக்கம் அறத்தை வைத்த அந்தப் பெயர் எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஆனால் தோழி யார்? செவிலியின் மகள் என்கிறது தொல்காப்பியம். அதாவது அந்த வீட்டில் வேலை பார்ப்பவளின் பெண். தலைவிக்காகப் பேசுவாள், தலைவனைத் திட்டுவாள், இரவில் காவல் நிற்பாள். அவளுக்கென்று ஒரு காதல் உண்டா என்று அகப்பாடல்கள் கேட்பதில்லை. அகத்தில் யாருக்குமே பெயர் கூடாது என்பது விதி. தலைவிக்கும் இல்லை, தோழிக்கும் இல்லை. சினிமா வந்து தலைவிக்குப் பெயர் கொடுத்தது, சுவரொட்டியில் முகம் கொடுத்தது, குரல் கொடுத்தவருக்கும் பெயர் கொடுத்தது. தோழி மட்டும் குழுவினராகவே இருந்துவிட்டாள். திரையில் அவள் நாயகிக்குப் பின்னால் ஆடும் குரூப் டான்ஸர், ஒலியில் கோரஸ்காரி. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்திருக்கக்கூட மாட்டார்கள்.

சங்கத் தோழியிடம் இருந்த அதிகாரமும் போய்விட்டது. 'பாசமலர்' தோழிகள் மணப்பெண்ணிடம் எதையும் கேட்பதில்லை. உனக்குச் சம்மதமா, பயமாக இருக்கிறதா, ஒன்றுமில்லை. கேலி செய்துகொண்டே அறைவரை கொண்டுபோய் விடுவதுதான் வேலை. 'பச்சை விளக்கு' (1964) படத்தில் சுசீலாவும் ஈஸ்வரியும் சேர்ந்து பாடும் பாட்டில் சங்கத்துத் தலைவியும் தோழியும் அதே பெயர்களோடு வருகிறார்கள். தூது போகத் தோழி இல்லை என்பதுதான் தலைவியின் துயரம். அந்தத் துயரத்தை இரண்டு பெண்குரல்கள் சேர்ந்து பாடுகின்றன. தோழி இல்லை என்று வரி சொல்கிறது, இதோ பக்கத்திலேயே இருக்கிறாள் என்று காது சொல்கிறது. எனக்குக் காதுமேல்தான் நம்பிக்கை.

அதே 1961. 'பாசமலர்' வருவதற்கு நான்கு மாதம் முன்பு, ஜனவரியில், அமெரிக்காவின் பாட்டு வரிசையில் 'தி ஷிரெல்ஸ்' குழுவின் பாட்டு ஒன்று முதலிடத்துக்கு வந்தது. நியூ ஜெர்சி மாநிலத்தின் பசேயிக் ஊரில் ஒன்றாகப் பள்ளியில் படித்த நான்கு கறுப்பினப் பெண்கள். கறுப்பினப் பெண்கள் குழு ஒன்று அந்தப் பட்டியலில் முதலிடம் பெற்றது அதுதான் முதல்முறை. பாட்டில் ஒரு பெண், இன்றிரவு சரி, நாளைக்கும் என்மேல் உனக்கு அன்பு இருக்குமா என்று கேட்கிறாள். இதையும் எழுதியது ஓர் ஆண்தான், ஜெரி கோஃபின். இசையமைத்த கரோல் கிங்குக்கு அப்போது பதினெட்டு வயது. ஆனால் கேள்வி கேட்பவளுக்குப் பின்னால் மூன்று தோழிகளின் குரல்கள் நிற்கின்றன. தள்ளவில்லை, தடுக்கவுமில்லை. யோசி, நாங்கள் இருக்கிறோம் என்பதுபோல நிற்கின்றன. வகுப்பில் இந்த இரண்டு பாட்டையும் அடுத்தடுத்துப் போட்டேன். ஒரு மாணவி சொன்னாள்: "அங்க கேள்வி கேக்குறா மிஸ், இங்க கூட்டிட்டுப் போயிடுறாங்க."

அந்த வகைப் பாட்டு எங்கள் ஊருக்கு அமெரிக்காவிலிருந்து நேராக வரவில்லை. எங்கள் தெருவில் ஒரு சொல்தா வீடு இருந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை செய்து ஓய்வூதியம் வாங்கும் குடும்பங்களை இங்கே அப்படித்தான் சொல்வோம். அந்த வீட்டு இசைத்தட்டுகளில் 'லே சர்ஃப்' என்ற குழுவின் பாட்டு இருந்தது. மடகாஸ்கர் தீவின் ஒரே குடும்பத்து அண்ணன் தம்பி அக்கா தங்கைகள் ஆறு பேர். அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் குழுவான 'ரோனெட்ஸ்' பாடிய காதல் பாட்டை 1963-இல் பிரெஞ்சில் பாடிப் பெயர் வாங்கியவர்கள். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஒரு தீவின் பெண்கள், அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் பேத்திகள் பாடியதை, ஆண்டவர்களின் மொழியில் பாடி, பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட இன்னொரு ஊரின் சந்துக்குள் வந்து சேர்ந்திருக்கிறார்கள். எனக்கு மொழி புரியவில்லை. பின்னால் வரும் குரல்கள் மட்டும் புரிந்தன. கும்மி கேட்ட காதுக்கு அது அந்நியமில்லை.

அங்கேயும் பெயர்க் கணக்கு இதேதான். 1962-இல் 'தி கிரிஸ்டல்ஸ்' பெயரில் வெளிவந்து முதலிடம் பிடித்த பாட்டை உண்மையில் பாடியவர்கள் டார்லீன் லவ்வும் 'தி பிளாஸம்ஸ்' குழுவும். டெட்ராய்ட்டின் மோடவுன் நிறுவனத்தில் 'தி ஆண்டன்டீஸ்' என்ற மூன்று பெண்கள் எத்தனையோ வெற்றிப் பாட்டுகளுக்குப் பின்குரல் கொடுத்தார்கள். உறையில் பெயர் கிடையாது. பன்னிரண்டு முறை முதலிடம் பிடித்த 'தி சுப்ரீம்ஸ்' நான்கு தோழிகளாகத் தொடங்கிய குழு. 1967-இல் அது 'டயானா ராஸ் அண்ட் தி சுப்ரீம்ஸ்' ஆனது. ஒருத்திக்குப் பெயர், மற்றவர்கள் குழுவினர். அதே வருடம் குழுவிலிருந்து நீக்கப்பட்ட ஃப்ளாரன்ஸ் பல்லார்ட் 1976-இல், 32 வயதில், வறுமை பார்த்து இறந்தார்.

ஒரு வித்தியாசம் இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. அங்கே பின்குரல் சில நேரம் பாட்டின் பொருளையே புரட்டியிருக்கிறது. ஓடிஸ் ரெடிங் 1965-இல் பாடிய பாட்டில், வேலை முடித்து வீட்டுக்கு வரும் ஆண் மரியாதை கேட்கிறான். 1967-இல் அரிதா ஃப்ராங்க்ளின் அதே பாட்டைப் பாடியபோது மரியாதை கேட்பது பெண். பின்னால் நின்று அவளை உசுப்பிவிடுகிறவர்களில் அவருடைய சொந்தச் சகோதரிகள் கரோலினும் எர்மாவும் உண்டு. நம் கோரஸுக்கு அப்படி ஒரு வாய்ப்பு தரப்பட்டதாக எனக்கு உதாரணம் கிடைக்கவில்லை. நம்முடையது பெரும்பாலும் ஒரே சுரத்தில் சேர்ந்து பாடுவது; ஆமாம் என்பதுதான் அதற்குத் தெரிந்த பதில்.

2016-இல் சுசீலாவுக்குக் கின்னஸ் சாதனை கிடைத்தது: 17,695 பாட்டுகள். தனிப்பாட்டு, ஜோடிப்பாட்டு, கோரஸோடு பாடியது என்று மூன்றையும் சேர்த்த எண் அது. சுசீலாவின் உழைப்பில் ஒரு துளியையும் குறைத்துச் சொல்ல நான் தயாரில்லை. சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதை முதன்முதலில் வாங்கியவர் அவர், 'உயர்ந்த மனிதன்' (1968) படத்துக்காக. ஆனால் அந்த எண்ணுக்குள் எத்தனை பெண்களின் மூச்சு இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

பெயர் கிடைத்த பெண்களிடையேயும் பிரிவினை நடந்தது. சுசீலா குரல் மனைவிக்கு, காதலிக்கு. ஈஸ்வரி குரல் கிளப்பில் ஆடுபவளுக்கு, மயக்குபவளுக்கு. ஸ்ரீதரின் 'சிவந்த மண்' (1969) படத்தில் ஒரே கதாநாயகி காஞ்சனா. காதலனோடு பாடும்போது சுசீலா குரல் வருகிறது, சாட்டையடிக்கு நடுவே ஆடும்போது ஈஸ்வரி குரல் வருகிறது. ஒரு பெண்ணுக்குள் இரண்டும் இருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்ள முடியாமல் தொண்டையை மாற்றிவிட்டார்கள். தென்னிந்தியப் பின்னணிக் குரல்களைப் பற்றி அமெண்டா வைட்மன் 2021-இல் ஆங்கிலத்தில் எழுதிய நூல் இந்தப் பிரிவினையை விரிவாகப் பேசுகிறது. மாணவிகள் தேடிப் படிக்க வேண்டிய புத்தகம்.

இது பழைய கதையல்ல. முதலியார்பேட்டையில் இருக்கும் ஒரு மேடைப் பாடகியிடம் பேசிக்கொண்டிருந்தேன். இருபது வருடமாகக் கோயில் திருவிழாவிலும் கல்யாண வரவேற்பிலும் பாடுகிறார். ஆர்கெஸ்ட்ராவில் ஆண் பாடகர்கள் மூன்று பேர் இருப்பார்கள். பெண் இவர் ஒருவர்தான். எல்லாப் பெண்குரலும் இவர்தான். "சுசீலாம்மா பாட்டு பாடினா கைத்தட்டுவாங்க, ஈஸ்வரியம்மா பாட்டு பாடினா விசிலடிப்பாங்க" என்றார். "அது பரவால்லக்கா. பாடி முடிச்சு கீழ இறங்கி வேனுக்குப் போறேன் பாருங்க, அப்பப் பாக்குற பார்வை வேற. கடைசியாப் பாடினது என்ன பாட்டுங்கறதப் பொறுத்து." அதனால் முடிவுப் பாட்டாக எப்போதும் சுசீலா பாட்டையே வைத்துக்கொள்கிறாராம். வீட்டுக்குப் பத்திரமாகப் போய்ச்சேர ஒரு பெண் பாட்டு வரிசையைத் திட்டமிட வேண்டியிருக்கிறது.

ஆடி மாதம் வந்தால் இதே ஊரின் எல்லாத் தெருவிலும் ஈஸ்வரிதான். வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேருக்குப் போகும் வழி நெடுக, கிறித்தவக் குடும்பத்தில் பிறந்த அந்தப் பெண்ணின் குரலில்தான் அம்மன் வருகிறாள். கிளப் டான்ஸுக்கு ஒதுக்கிய குரலை அம்மனுக்கும் கொடுத்தார்கள். மனைவிக்கு மட்டும் கொடுக்கத் தயங்கினார்கள். பாலசந்தரின் 'வெள்ளி விழா' (1972) படத்தில் வி. குமார் இசையில் ஒரு மனைவி கணவனின் காதோடு பேசுவதுபோல ஈஸ்வரி பாடிய பாட்டு இருக்கிறது. அந்தக் குரலால் என்ன முடியும் என்பதற்கு அது போதும். நான் பேசிய பாடகிக்கும் அதுதான் உயிர். "மேடையில யாரும் கேக்க மாட்டாங்க. ஸ்லோவா இருக்காம்" என்றார்.

கோரஸ் என்னவாயிற்று என்று கேட்டேன். பல தடங்களில் தனித்தனியாகப் பதியும் முறை வந்தபின் ஒரே பாடகி தன் குரலையே நான்கைந்து முறை பாடி அடுக்கிவிடலாம், தோழிகள் தேவையில்லை. மேடையில் அதுவும் இல்லை, கீபோர்டில் 'ஆ' என்று ஒலிக்கும் ஒரு பொத்தான். அது எப்போதும் ஒரே மாதிரி 'ஆ' சொல்லும். ஆனால் கல்யாண வரவேற்பில் 'பாசமலர்' பாட்டுப் பாடும்போது மட்டும் அந்தப் பொத்தானை அழுத்த வேண்டாம் என்று கீபோர்டு தம்பியிடம் சொல்லிவிடுவாராம். மைக்கைக் கழற்றி, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் பக்கம் நீட்டுவார்.

"யாரும் சொல்லித்தர வேணாம்க்கா. எந்த இடத்துல வரணும்னு அவங்களுக்குத் தெரியும்."